துடைக்காமல் விட்ட ஈரம்

அத்தியாயம் 14

பூசையன்று படையலில் அந்தப் பன்றித் தலை நன்றாகத்தான் சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? தேஜான் நகரச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, "இது முறைக்குது, இது அழுது வடியுது" என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, வாய் விரிந்து சிரிக்கிற தலையாகப் பார்த்து மால்சுன்தான் வாங்கி வந்தாள். மகளின் கம்பெனியில் புது டேங்க் ஓடத் தொடங்கும் நாள். சிரித்த முகம் ஒன்று அதற்கு முன்னால் இருக்க வேண்டாமா?

அம்மாவும் மகளும் சேர்ந்து நின்று அந்தத் தலையைக் கும்பிட்டதோடு போன வாரம் விடைபெற்றோம். அந்தக் காட்சிக்காக எத்தனை வாரம் காத்திருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

மால்சுனின் மகள் போராம் வளர்ப்பது பாக்டீரியா. அதன் மரபணுவில் கைவைத்து, சர்க்கரையைத் தின்றுவிட்டு நைலான் நூலுக்கான மூலப்பொருளைத் தரும்படி பழக்கியிருக்கிறாள். இத்தனை காலம் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததை இனி ஒரு டேங்க்கில் வளர்த்தே எடுக்கலாம். முதன்முதலாக அது குடுவையில் வளர்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு, அவள் போய்ச் சேர்ந்தபோது படுக்கை காலியாக இருந்தது. "உன் பூச்சிங்களுக்குச் சோறு ஊட்டி முடிச்சிட்டியா?" என்று சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாள் மால்சுன். அதற்குப் பிறகு பல வருடம் பேச்சே இல்லை.

அந்த மால்சுன், தானே ஊறவைத்து வடித்த அரிசிக் கள்ளோடு, கேட்காமலே வந்து நின்றாள். சின்ன வயதில் காலுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் ஆயிற்றே, டேங்க்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சர்க்கரையில காலுறையா? எறும்பு மொய்க்காதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். போராம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இனி இன்றைக்கு நடந்தது.

காலையில் போராம் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. ஆய்வு அறைக் கதவைத் திறந்துகொண்டு ஹேரான் நின்றாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவள். எதற்கும் அசராத ஆள்.

"மேடம், கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

"என்ன ஹேரான், முகமே சரியில்ல?"

"பாருங்க முதல்ல."

போராம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். அவள் வளர்த்த பாக்டீரியா குட்டிக் குட்டிக் குச்சியாக, ஒரே மாதிரி இருக்கும். இருந்தது, ஓரமாக. நடுவில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். அதைச் சுற்றி நீள நீளமாகச் சங்கிலி கோத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்று.

"நம்ம பிள்ளைங்க பாவம், ஒதுங்கிக் கிடக்குதுங்க" என்றாள் ஹேரான். "வந்தவனுங்க சர்க்கரையை எல்லாம் தின்னுட்டானுங்க. நைலான் சரக்கு ஒரு சொட்டு ஏறல. இந்தச் சங்கிலி, அரிசியிலயும் வைக்கோல்லயும் இருக்குமே, அந்த ஜாதி. இது எப்படி மேடம் நம்ம டேங்க்குக்குள்ள வந்துச்சு?"

போராம் சாம்பிள் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. அம்மா வீட்டுச் சமையலறை வாசனை.

எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"மூடி வை ஹேரான்" என்றாள். "தேக்யூவைக் கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் தம்பி தேக்யூ வாசலிலேயே நின்றான். டேங்க் கூடம் முழுக்க அவன் பொறுப்பு. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, "அக்கா, உன் டேங்க்கை நான் பாத்துக்கறேன்" என்று வந்தவன். சாம்பல் நிறக் கம்பெனி மேல்சட்டையைத் தோளில் போட்டிருந்தான். ராத்திரி அவன் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான்தான் அக்கா" என்றான்.

"என்னடா நீதான்?"

"பூசை அன்னைக்குச் சாயங்காலம் அடி வால்வைத் திறந்து சாம்பிள் எடுத்தது நான். அதுக்கப்புறம் அந்த வால்வை யாரும் தொடல. அது வழியாத்தான் போயிருக்கணும்."

"ஸ்டீம் விட்டியா இல்லையா?"

"விட்டேன். எப்பவும் விடற அளவு விட்டேன்." அவன் குரல் இறங்கியது. "திறக்கும்போது கள் வாசனை அடிச்சுது அக்கா. அம்மா வந்த சந்தோஷத்துல நானும் ரெண்டு கிண்ணம் குடிச்சிருந்தேனா, என் வாயிலேர்ந்துதான் வருதுன்னு நெனச்சுட்டேன். இன்னும் கொஞ்சம் நேரம் ஸ்டீம் விட்டிருந்தா இது நடந்திருக்காது. குடிச்சிட்டு வால்வைத் தொட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தாள் போராம். கையிலிருந்த போன் அடித்தது.

"போராம், சாப்ட்டியா?" அம்மாவின் குரல் துள்ளியது. "கேளு, அடுத்த டேங்க்குக்கு இன்னொரு பானை ஊற வச்சிருக்கேன். இந்தத் தடவை அரிசி நல்லா வாய்ச்சிருக்கு. முள்ளங்கிக் கிம்ச்சி வேணும்னு தம்பி கேட்டான்ல, மத்தியானம் எடுத்துட்டு வர்றேன். நீயும் எங்கயும் ஓடிடாதே."

"சரிம்மா."

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. குளிரு."

போனை வைத்தபோது தேக்யூ கதவருகே போயிருந்தான்.

"டேய், தேக்யூ."

"என்ன அக்கா?"

அவன் திரும்பி நின்ற விதத்தில் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்தது போலத்தான் இருந்தது. போராம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"அப்புறம் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் தம்பி.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போராம் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து எல்லோரும் பன்றி இறைச்சியும் அரிசிப் பணியாரமும் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மாவைக் காணோமே என்று போராம் திரும்பி வந்தாள். டேங்க்கின் காலடியில் மால்சுன் குந்தியிருந்தாள். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, அடி வால்வின் மேல் கள்ளை ஊற்றிக்கொண்டிருந்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. வால்வின் மூக்கிலிருந்து பால்போல் சொட்டிக்கொண்டிருந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் ஸ்பிரிட் புட்டியும் துணியும் தொங்கின. தெளித்து, துடைத்து, மரையின் இடுக்கெல்லாம் போகும்படி நீராவியைத் திறந்துவிட்டால் முடிந்தது வேலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் யாராவது அந்த வால்வை விரலால் தொட்டாலே போராம் போடுகிற சத்தத்தில் கூரை அதிரும். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அம்மா ஊற்றியதை அம்மாவின் கண்ணெதிரே, ஏதோ அசிங்கத்தைத் துடைப்பதுபோல் எப்படித் துடைப்பது? இத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறாள். முகம் சுருங்கிவிட்டால்? பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மால்சுன் எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "வா, சாப்பிடலாம். ஆறிடும்."

அந்தக் கை எத்தனை வருடம் கழித்துத் தன் கையைப் பிடிக்கிறது என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் போராமின் தலையில் நிற்கவில்லை. போனாள். சாப்பிட்டாள். அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டாள். வால்வை மறந்தே போனாள். மரையிடுக்கில் கள் காய்ந்து பக்காகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்குக்குள் பதுங்கிய கிருமிக்கு, தம்பி வழக்கமாக விட்ட நீராவியின் சூடு எட்டவில்லை.

படிப்பு இருந்தது, துணி இருந்தது, ஸ்பிரிட் இருந்தது. வாய் இல்லாமல் போய்விட்டது.

உல்சானிலிருந்து மேலாளர் யாங் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். இந்த மூலப்பொருளை வாங்கி நூல் இழுக்கப் போகிற கம்பெனிக்காரர். டேங்க் கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, கொடுத்த பார்லித் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். போராம் எதிரில் உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"உங்க தம்பி காலையிலேயே போன் பண்ணிட்டார் மேடம்."

"போனா? உங்களுக்கா?"

"குடிச்சிட்டு வால்வைத் திறந்தேன், தப்பு முழுக்க என்னுதுதான், வேலையை விட்டுட்டேன்னார். இந்தக் காலத்துல யார் அப்படி வாய்விட்டுச் சொல்றாங்க?" கோப்பையை வைத்தார். "எங்க மேலிடத்துல பேசிட்டேன். ஆள் தப்புன்னா ஆளை மாத்திட்டா போச்சு. உங்க பாக்டீரியா மேலயும் சந்தேகம் இல்ல, உங்க மேலயும் சந்தேகம் இல்ல. அவர் மட்டும் இனிமே டேங்க் பக்கம் வரக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா அடுத்த ஓட்டம் எங்க ஆலையிலேயே வச்சுக்கலாம்."

போராம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். கம்பெனி பிழைத்துக்கொள்ளும், அம்மாவுக்கும் ஒன்றும் தெரிய வராது. தம்பி சின்னவன்தானே, வேறு எங்காவது வேலை கிடைக்காதா? இப்படியெல்லாம் அவள் நினைக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். நினைத்தாள். நினைத்த மறுகணம் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"சம்மதமில்ல சார்."

"என்ன மேடம்?"

"அவன் மேல தப்பு இல்ல. அவன் எப்பவும் விடற அளவு ஸ்டீம் விட்டிருக்கான். வால்வுல அரிசிக் கள் கொட்டியிருந்துச்சு. அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கண்ணால பாத்தேன். துடைக்காம விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

யாங் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்களா? உங்க வால்வை, நீங்களே?"

"ஆமா."

"ஆள் தப்புன்னா நான் ஆளை மாத்தச் சொல்லலாம். உங்களை மாத்திட்டு இந்தக் கம்பெனியில என்ன இருக்கு மேடம்?" கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "சரி, கள்ளை அங்க போய் யாரு ஊத்தினது?"

"அதைக் கேக்காதீங்க சார்."

"கேக்காம எப்படி? நான் போய் மேலிடத்துல..."

"நான்தான் ஊத்தினேன்."

கதவு பாதி திறந்திருந்தது. கையில் துணியில் கட்டிய டப்பாவோடு மால்சுன் நின்றாள். புளித்த முள்ளங்கிக் கிம்ச்சியின் வாசனை அவளுக்கு முன்னால் அறைக்குள் வந்துவிட்டது.

யாங் எழுந்து குனிந்து வணங்கினார். நல்ல மனுஷன். அம்மா முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க ஆலையிலயும் பூசை போடுவோம் அம்மா. என்ன, வாசலோட நிறுத்திக்குவோம்" என்றார். பிறகு போராமிடம், "நீங்க சொன்னதை அப்படியே போய்ச் சொல்றேன். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டேங்க் கூடத்தில் அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள். டேங்க் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கெட்டுப்போனது அதற்கு எப்படித் தெரியும்?

"ஒரு கிண்ணமாடி இதைச் செஞ்சுது?" மால்சுன் அண்ணாந்து பார்த்தாள். "இத்தனை பெரிய டேங்க்கையா?"

"கண்ணுக்குத் தெரியாததுதாம்மா எல்லாம். கொஞ்சம் உள்ள போனா போதும்."

"அன்னைக்கே நீ பாத்தே."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் தடுக்கல?"

"எத்தனை வருஷம் கழிச்சு வந்திருந்தே. உன் முன்னாடி அதை எப்படித் துடைக்கிறதுன்னு..."

மால்சுன் டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"இதே தேக்யூ பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பான் தெரியுமா? 'ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா, தள்ளு அந்தாண்ட'ன்னு கையைப் பிடிச்சு இழுத்திருப்பான். நானும் பதிலுக்கு ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன். சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள மறந்திருப்பேன்."

போராம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விருந்தாளி எதையாவது கொட்டினாத்தான் 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னு சிரிச்சுக்கிட்டு நிப்போம்" என்றாள் மால்சுன். "நான் அம்மாவாத்தான் வந்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் போராம். நீ என்னை விருந்தாளியா வச்சுட்டே."

அந்தச் சொல் போராமை அடித்தது. சாவு வீட்டில் கேட்ட சொல்லைவிட இது வலித்தது. அன்றைக்கு அம்மாமேல் கோபப்பட இடம் இருந்தது. இன்றைக்கு யார்மேல் கோபப்படுவது? நின்ற இடத்திலேயே அழுதாள்.

மால்சுன் அவளைத் தேற்றப் போகவில்லை. டேங்க்கின் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல் பேசினாள்.

"நான் மட்டும் என்ன ஒழுங்கு? அன்னைக்கு ஊத்தினது உங்கப்பா பங்கு. அவர் இருந்திருந்தா முதல் கிண்ணம் அவர்தான் குடிச்சிருப்பார். ஊத்திட்டு என்ன சொன்னேன் தெரியுமா? உன் பூச்சிங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். 'நீங்க ஒரு பாவமும் அறியாதவங்க, உங்களைப் போய் ஏசிட்டேன்'னு சொன்னேன். உன்கிட்ட வந்து கேக்கத்தான் எனக்கு வாய் வரல."

"அம்மா..."

"உன்கிட்ட கேட்டிருந்தா கள்ளே ஊத்தியிருக்க மாட்டேன்."

ஹேரான் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "மேடம், ஸ்டீமைத் திறந்துடட்டுமா? வெச்சிருந்தா மத்த குழாய்க்கும் பரவிடும்."

"திறந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் மால்சுன்.

"உள்ள இருக்கற எல்லாம் செத்துடும் அம்மா."

"இவளோடதுமா?"

"பிரிக்க முடியாதும்மா" என்றாள் போராம். பல வருடமாக ஊட்டி வளர்த்தது. குடுவையில் விதை பத்திரமாக இருக்கிறது, மறுபடி வளர்க்கலாம், எல்லாம் தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டுவதற்குச் சற்று நேரம் பிடித்தது அவளுக்கு. "திற ஹேரான்."

நீராவி சீறிக்கொண்டு குழாய்களில் ஏறியது. டேங்க்கின் வயிறு சூடாகத் தொடங்கியது. மால்சுன் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பூசையன்று நின்றதுபோலவே நின்றாள்.

பிறகு சுவரில் தொங்கிய துணியை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"அன்னைக்குத் துடைக்காததை இப்பத் துடை. நான் பாத்துக்கிட்டுதான் நிக்கப் போறேன்."

போராம் ஸ்பிரிட்டைத் தெளித்து, டேங்க்கின் காலடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து துடைத்தாள். மரையிடுக்கிலிருந்து வெள்ளைப் பக்கு துணியோடு வந்தது. என்ன பிரயோஜனம் என்று அவள் கேட்கவில்லை. அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"இதுதான் துடைக்கிற லட்சணமா? அந்த மூலையில பாரு, இன்னும் இருக்கு."

"துடைச்சிட்டேம்மா. கொஞ்சம் தள்ளு, வெளிச்சம் மறைக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது போராமுக்கு உறைத்தது. மால்சுன் தள்ளி நின்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரி, முதல்ல தம்பியைக் கூப்பிடு" என்றாள். "என்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் உன் வாயால சொல்லு. கிம்ச்சியை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது?"

போராம் போனை எடுத்துத் தேக்யூவை அழைத்தாள். நீராவிச் சத்தத்தினூடே மணி அடிப்பது கூடத்துக்குள்ளேயே கேட்டது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டேங்க்குக்குப் பின்னால், ஆணியில் மாட்டியிருந்த அவனுடைய சாம்பல் நிற மேல்சட்டைக்குள்ளிருந்து கேட்டது. அதே ஆணியில் வாயிற்கதவைத் திறக்கும் அவனுடைய கம்பெனி அட்டையும் தொங்கியது.

"காலையில உங்க ரூம் வாசல்ல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தார் மேடம்" என்றாள் ஹேரான். "கதவு திறக்கும்னு பாத்தார் போல. அப்புறம் காணோம்."

மணி அடித்து ஓய்ந்தது. மால்சுன் போய் அந்தச் சட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்தாள்.

"இந்தக் குளிர்ல மேல்சட்டைகூடப் போட்டுக்காம எங்கடி போனான்?"